ஒரு என்வலப்பும் 1934ஆம் ஆண்டுச் சட்டமும்

கொட்டாஞ்சேனையில் எங்கட வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிற அண்ணாவுக்கு வலது கையில் இரண்டு விரல் பாதிதான். சுட்டுவிரலும் நடுவிரலும். அச்சகம் ஒன்றில் கடதாசி வெட்டுகிற மெஷினில் போனது. அப்போது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் முதலாளியே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை பழம், ஒரு என்வலப், ஒரு கடதாசி. என்வலப்பில் 40,000 ரூபா இருந்தது. கடதாசியில், இதற்கு மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று சிங்களத்தில் டைப் செய்திருந்தது. அண்ணா இடது கையால் கோணலாக ஒரு கையெழுத்து வைத்தார்.

"நல்ல மனுசன். எத்தனை பேர் வீட்டுக்கு வந்து பாப்பாங்க?" என்று அன்றிரவு அம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். லேனில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

போன செமஸ்டரில் தொழிலாளர் வரலாறு பற்றிய ஒரு கட்டுரைக்காக நூலகத்தில் உட்கார்ந்து பழைய சட்டங்களைப் புரட்டியபோதுதான் அந்தக் கடதாசி எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். வேலை செய்யும்போது ஒருவருக்குக் காயம் பட்டால் முதலாளி அவருக்குப் பணம் கட்ட வேண்டும் என்கிற சட்டம். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறது. அதன்படி, நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு தொழிலாளி எழுதிக் கொடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. இரண்டு பேரும் ஒரு தொகைக்கு உடன்பட்டால்கூட அதை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிய வேண்டும். பதியாத கடதாசியைக் காட்டி முதலாளி தன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

இதை அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா தங்கச்சி, நான்தானே கவனமில்லாம கைய வச்சேன். அவர்ட பிழை இல்லையே" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்துக்கான பதில்தான். பிழை யாருடையது என்று கேட்பதை நிறுத்துவதற்கு உலகம் கிட்டத்தட்ட நூறு வருஷம் எடுத்தது. நாங்கள் இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிழை யாருடையது?

1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. இறைச்சிக் கடையில் வேலை செய்த சார்ள்ஸ் பிரீஸ்ட்லி என்ற பையன் முதலாளியின் வண்டியில் சாமான் கொண்டுபோகிறான். அளவுக்கு மீறி ஏற்றியிருந்த வண்டி உடைந்து விழ, அவனுடைய தொடை எலும்பு முறிகிறது. முதலாளி பௌலருக்கு எதிராக வழக்குப் போடுகிறான். ஜூரிமார் அவனுக்கு 100 பவுண் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் மேல்நிலை நீதிமன்றம் அதைத் தள்ளிவிடுகிறது. வேலையில் இருக்கிற ஆபத்து வேலைக்குச் சேருகிறவனுக்கும் தெரியும், விருப்பமில்லாவிட்டால் அவன் அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருக்கலாம் என்பதுதான் நீதிபதியின் நியாயம்.

இதிலிருந்து வளர்ந்த கோட்பாடு பல பத்தாண்டுகள் தொழிலாளர்களை வாட்டியது. உன்னோடு வேலை செய்கிற இன்னொருவனின் கவனக்குறைவால் நீ காயப்பட்டால் முதலாளி பொறுப்பில்லை. நீயே கொஞ்சம் கவனமில்லாமல் இருந்தால் முதலாளி பொறுப்பில்லை. ஆபத்து தெரிந்தே வேலை செய்தால் அப்போதும் பொறுப்பில்லை. ஒரு தொழிற்சாலையில் நடக்கிற விபத்துகளில் இந்த மூன்றுக்குள்ளும் அகப்படாதது எத்தனை மிஞ்சும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இலங்கையில் இருந்த ரோமன் டச்சுச் சட்டத்திலும் நட்டஈடு கேட்கிறவர்தான் மற்றவருடைய தவறை நிரூபிக்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர் எந்தக் காசில் எந்த லோயரைப் பிடித்து நிரூபிப்பது?

கேள்வியையே மாற்றிய முதல் பெரிய நாடு ஜெர்மனி. 1884இல் பிஸ்மார்க்கின் அரசாங்கம் தொழில் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிஸ்மார்க் தொழிலாளர்களின் தோழர் இல்லை, சோஷலிஸ்டுகளை ஒடுக்கிய மனுசன். தொழிலாளர்கள் அவர்கள் பக்கம் போகாமல் பிடித்து வைப்பதற்கு இது ஒரு வழி என்று கணக்குப் போட்டார். 1897இல் பிரித்தானியாவும், 1923இல் பிரித்தானிய இந்தியாவும் இதே திசையில் சட்டம் கொண்டுவந்தன.

புதுச் சட்டங்களின் அடிப்படை எண்ணம் எளிமையானது. மெஷின் தேய்ந்தால் முதலாளி அதைத் தன் செலவில் திருத்துகிறார், எண்ணெய்க்கும் கரிக்கும் காசு கொடுக்கிறார். அதே மாதிரி, அந்த மெஷினில் வேலை செய்கிறவரின் உடம்பு சேதப்பட்டால் அதுவும் தொழிலின் ஒரு செலவுதான். யார் கவனமில்லாமல் இருந்தார் என்ற விசாரணை தேவையில்லை. காயம் வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் இது ஒரு பேரம். தொழிலாளிக்குத் தவறை நிரூபிக்கிற பாரம் இல்லை. அதற்குப் பதிலாக, அவருக்குக் கிடைக்கிற தொகையைச் சட்டமே ஓர் எல்லைக்குள் கட்டிப்போட்டது. அவருடைய வலிக்கும் அவமானத்துக்கும் அந்தக் கணக்கில் இடம் இல்லை.

வெள்ளவத்தை மில்

இந்தப் பேரம் கொழும்புக்கு வந்த கதையைப் பார்க்க வெள்ளவத்தைக்குப் போக வேண்டும். ஹெவ்லொக் வீதியில் இன்று ஹெவ்லொக் சிட்டி என்ற பெரிய தொடர்மாடிகள் நிற்கின்றன அல்லவா, அந்தக் காணியில்தான் வெள்ளவத்தை நூற்றல் நெசவு ஆலை இருந்தது. பழைய ஆட்கள் சும்மா 'மில்' என்றுதான் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. இப்போது அங்கே ஷொப்பிங் மோலில் ஏசிக்குள் நாங்கள் பபிள் டீ குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு காலத்தில் பருத்தித் தூசு பறந்திருக்கிறது.

மில்லில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், குறிப்பாக மலையாளிகள். இந்தப் பக்கம் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, துறைமுகம் என்று பார்த்தால் அங்கேயும் அதே நிலைதான். கப்பலுக்குக் கரி ஏற்றியவர்கள், வண்டில் இழுத்தவர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், நகரசபைச் சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் என்று கொழும்பின் பாரமான வேலைகளில் இந்தியத் தமிழரும் மலையாளிகளும் சிங்களவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். புறக்கோட்டையில் இன்றைக்கும் மூட்டை தூக்குகிறவரை 'நாட்டாமி' என்றுதான் கூப்பிடுகிறோம். ஊர்ப் பெரியவரைக் குறிக்கிற நாட்டாமை என்ற சொல் இங்கே வந்து மூட்டைக்கு அடியில் நிற்கிறது.

1920கள் இந்த ஆட்களின் காலம். ஏ. ஈ. குணசிங்க 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1923இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம், 1927இல் துறைமுக வேலைநிறுத்தம், 1929இல் டிராம் வேலைநிறுத்தம். கோ. நடேசய்யர் கொஞ்சக் காலம் குணசிங்கவோடு நின்று வேலை செய்தார், பிறகு பிரிந்து மலையகத்துக்குப் போய்த் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டினார்.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலை குறைந்தது, சம்பளம் வெட்டப்பட்டது. அந்த நேரத்தில் குணசிங்க மலையாளிகளுக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். சிங்களவரின் வேலையை அவர்கள் பறிக்கிறார்கள் என்ற பேச்சு. பத்து வருஷத்துக்கு முதல் எல்லாரையும் ஒரே ஊர்வலத்தில் நடத்திப்போன அதே தலைவர். 1933இல் வெள்ளவத்தை மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றது வாலிபர் சங்கத்து இளைஞர்கள். மில் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்த கொல்வின் ஆர். டி சில்வாவுக்கு அப்போது வயது இருபதுகளில்தான். இந்த வட்டத்திலிருந்துதான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. குமாரி ஜயவர்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் காலத்தை வடிவாகப் படிக்கலாம்.

மில்லில் வேலைநிறுத்தம் நடந்த அடுத்த வருஷம்தான் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வந்தது. வேலைநிறுத்தத்தால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபை வந்திருந்தது. சாதாரண தொழிலாளியின் வாக்குக்கும் பெறுமதி வந்துவிட்டது. இந்தியாவில் பத்து வருஷத்துக்கு முதலே இருக்கிற சட்டம் இங்கே இல்லையே என்ற கேள்வியும் இருந்தது. அப்போது தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் பெரி. சுந்தரம், மலையகத் தமிழ்ச் சமூகத்திலிருந்து வந்த சட்டத்தரணி. 1931 முதல் 1936 வரை அந்தப் பதவியில் இருந்தார். இலங்கையின் முதல் தொழில் அமைச்சர் ஒரு மலையகத் தமிழர் என்பது எங்கட பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் எனக்குக் கிடைக்காத தகவல். 1934இல் நட்டஈட்டுச் சட்டம், 1935இல் தொழிற்சங்கச் சட்டம், இரண்டும் அவர் காலத்தில் வந்தவை.

நட்டஈட்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், அது கேட்காமல் விட்ட கேள்வி. நீ இந்தியனா, சிங்களவனா, எப்ப வந்தாய், எப்ப போவாய் என்று அது கேட்கவில்லை. நீ யாரிடம் வேலை செய்தாய், அந்த வேலையில் காயப்பட்டாயா என்று மட்டும் கேட்டது. 14 வருஷம் கழித்து, 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அதே தொழிலாளர்களிடம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டு லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. வாக்குப் போட உரிமையில்லாமல் போனவருக்கும் கை முறிந்தால் நட்டஈடு கேட்கிற உரிமை மிச்சமாக இருந்தது.

உடம்பின் விலைப்பட்டியல்

இலங்கைச் சட்டம் பெருமளவுக்கு 1923ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் அச்சில் வார்த்தது. இரண்டிலும் முதலாவது அட்டவணை ஒரு விசித்திரமான வாசிப்பு. எந்த உறுப்புப் போனால் உழைக்கிற சக்தியில் எத்தனை வீதம் போனதாகக் கணக்கு என்று அதில் இருக்கும். 1923ஆம் ஆண்டு இந்திய அட்டவணையின்படி முழங்கைக்கு மேலே வலது கை போனால் 70 வீதம். இடது கை என்றால் 60. ஒரு கண் 30. பெருவிரல் 25. சுட்டுவிரல் 10. மற்ற விரல் எதுவானாலும் 5.

முதல் தடவை வாசித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இறைச்சிக் கடையில் தொங்குகிற விலைப்பட்டியல் மாதிரி. இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்ன செய்வது? அச்சுக்கோர்க்கிறவரின் சுட்டுவிரலும் கேற்றில் நிற்கிற வாச்சரின் சுட்டுவிரலும் ஒன்றா? வெள்ளவத்தையில் சாரி பிளவுஸ் தைக்கிற தையல்காரருக்குப் பெருவிரல் போனால் 25 வீதமா போகும்? தொழிலே போய்விடும்.

ஆனால் கொஞ்சம் யோசித்தால் அந்தப் பட்டியலுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது அச்சடித்துக் கிடக்கிறது. முதலாளியோடு பேரம் பேசத் தேவையில்லை. அவர் நல்ல மனுசனா கெட்ட மனுசனா என்பதில் தொகை தங்கியிருக்கவில்லை. காயமும் சம்பளமும் தெரிந்தால் எவரும் கணக்குப் போடலாம். தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால் மாதத்துக்கு இரண்டு தடவை கொடுப்பனவு. நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் மொத்தத் தொகை. மரணம் என்றால் பணத்தை நேரே குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது, ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். விதவையின் கையில் கொஞ்சம் காசைத் திணித்துவிட்டுக் கையெழுத்து வாங்குகிற பழக்கத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. சட்டம் எழுதியவர்களுக்கு என்வலப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

முதலாளி பொறுப்பில்லை என்று சொல்லக்கூடிய சந்தர்ப்பங்களும் உண்டு. வெறியில் இருந்தது, பாதுகாப்புக்கென்று கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியது. ஆனால் இந்தக் காரணங்களும் மரணம் நடந்துவிட்டால் செல்லாது. 'வேண்டுமென்றே' என்ற சொல்லைக் கவனியுங்கள். களைத்துப்போய்ப் பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு செக்கன் கவனம் சிதறியது இதற்குள் வராது. அண்ணா தன்னுடைய பிழை என்று சொன்னது அந்த ஒரு செக்கனைத்தான். 1934இலேயே சட்டம் அதை மன்னித்துவிட்டது.

மெதுவாக வருகிற காயம்

இந்தச் சட்டம் எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்க்க மறுபடி மில்லுக்குள் போக வேண்டும்.

கை மெஷினுக்குள் போனால் நேரம் தெரியும், இடம் தெரியும், சாட்சி இருக்கும். அதுதான் 'விபத்து'. ஆனால் பருத்தி மில்லின் பெரிய ஆபத்து தூசு. வருஷக்கணக்காகப் பருத்தித் தூசைச் சுவாசிக்கிறவர்களுக்கு வருகிற நுரையீரல் நோய் பிசினோசிஸ். இதன் தொடக்கம் விசித்திரமானது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை மில்லுக்குள் போகிறபோது நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். செவ்வாய், புதன் என்று கொஞ்சம் குறையும். வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும்.

தொழில் நோய்களையும் நட்டஈட்டுக்குள் எடுக்க வேண்டும் என்பதை 1906இலேயே பிரித்தானியா ஒத்துக்கொண்டது. ஆனால் ஒரு பட்டியல் போட்டுத்தான். சர்வதேச தொழில் தாபனம் 1925இல் செய்த உடன்படிக்கையில் இருந்தவை மூன்றே மூன்று: ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, அந்த்ராக்ஸ். பருத்தித் தூசு இதில் இல்லை. உலகத்துக்கே துணி நெய்த லங்காஷயரில்கூட பிசினோசிஸுக்கு ஒரு கொடுப்பனவுத் திட்டம் வந்தது 1941இல். அதுவும் 20 வருஷம் தூசில் நின்று முற்றாக வேலை செய்ய முடியாமல் போன ஆண்களுக்கு மட்டும். அப்படியென்றால் 1930களில் வெள்ளவத்தையில் இருமியவர்களின் இருமல் யாருடைய கணக்கில் எழுதப்பட்டிருக்கும்? பீடி குடிக்கிறான், ஈரமான வீட்டில் இருக்கிறான், ஊர்த் தண்ணி ஒத்துவரவில்லை. அதுவும் அவனுடைய பிழை.

எங்கட நாட்டில் இந்த மெதுவான காயங்களைத் தேடிப் போன ஒரு வைத்தியர் இருந்தார். சி. ஜி. உரகொட, நெஞ்சு நோய் நிபுணர். 1967இல் மிளகாய் அரைக்கிற தொழிலாளர்களுக்கு வருகிற நோய்க்குறிகள் பற்றி ஒரு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். 1970இல் தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலைத் தூசால் வருகிற ஆஸ்துமா பற்றி. 1972இல் இன்னொருவரோடு சேர்ந்து பென்சில்கரித் தூசு நுரையீரலில் படிவது பற்றி. பிறகு இலவம்பஞ்சு, கறுவா. பட்டியலைப் பாருங்கள். இலங்கை உலகத்துக்கு விற்ற சாமான்களின் பட்டியல்தான் அது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் நெஞ்சுக்குள்ளும் கொஞ்சம் போயிருக்கிறது.

மிளகாய் மில் எங்கட லேன் முடிவிலேயே இருக்கிறது. சின்ன வயசில் அந்த வழியால் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். எங்களுக்கு அது பத்து செக்கன். உள்ளே நிற்கிறவருக்கு அது எட்டு மணித்தியாலம். அவர் துவாயால் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவருடைய இருமலை நாங்கள் அவருடைய அடையாளமாக எடுத்துக்கொண்டோம், காயமாக எண்ணவில்லை.

இலங்கைச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கும் ஒரு அட்டவணை இருக்கிறது. ஆனால் நோய் என்று வந்தால் நிரூபிக்கிற சிக்கல் திரும்பவும் பின்கதவால் உள்ளே வந்துவிடுகிறது. எந்த முதலாளியின் தூசு? எந்த வருஷத்துத் தூசு? பத்து இடத்தில் நாட்கூலிக்கு நின்ற ஒருவர் யாரிடம் போய்க் கேட்பது? விபத்துக்கு இல்லாமல் செய்த கேள்வி நோய்க்கு அப்படியே இருக்கிறது. விரல் போனதை எல்லாரும் பார்க்கலாம். நெஞ்சுக்குள் போனதை எக்ஸ்ரே எடுத்தால்தான் பார்க்கலாம், அந்த எக்ஸ்ரேயை யார் எடுப்பது?

சட்டம் காத்திருக்கிறது

1934இல் வந்த சட்டம் பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. 2005 திருத்தத்தில் உச்சத் தொகை 550,000 ரூபா ஆனது. பிறகு 17 வருஷம் அது அசையவில்லை. 2022இல்தான் 20 லட்சமாக உயர்த்தினார்கள். அதே திருத்தம் வேலைக்குப் போகிற வருகிற வழியில் நடக்கிற விபத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் 2022 எப்படியான வருஷம் என்று எங்களுக்குத் தெரியும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360க்குப் போனது. பெற்றோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நின்ற நாங்கள்தான் அந்த 20 லட்சத்தின் கனத்தையும் அளக்க வேண்டும். அதுவும் உச்சத் தொகை. விரலுக்கு வருவது அதில் ஒரு துண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஜெர்மனி 1884இல் போட்டது காப்புறுதி. எல்லா முதலாளிகளும் ஒரு பொது நிதிக்குக் கட்ட வேண்டும், காயப்பட்டவர் அந்த நிதியிலிருந்து எடுக்கிறார். இந்தியாவும் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இதன் வழியாக வந்ததுதான். நாங்கள் 1934 மாதிரியிலேயே நிற்கிறோம். இங்கே பொறுப்பு தனித்தனி முதலாளியின் தலையில். பெரிய கம்பெனி என்றால் தனியார் காப்புறுதி எடுத்திருக்கும். மூன்று பேரை வைத்து அச்சகம் நடத்துகிறவர் கடனில் மூழ்கி இருந்தால் நீங்கள் வென்றாலும் யாரிடமிருந்து வாங்குவது?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் ஒரு தொடர்மாடி எழும்பிக்கொண்டிருக்கும். அங்கே சாரத்தில் நிற்கிற பொடியன்மார் பலர் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்புப் பக்கமிருந்தும் வந்தவர்கள். கேட்டால் கம்பெனி பெயர் தெரியாது, பாஸின் பெயர்தான் தெரியும். சட்டத்தில் இதற்கும் வழி இருக்கிறது. கொந்தராத்துக்காரர் மூலம் ஆட்களை எடுத்தாலும், அந்த வேலை தன்னுடைய தொழிலின் ஒரு பகுதியாக இருந்தால் மேலே இருக்கிற பிரதான கம்பெனியும் பொறுப்பு. அதாவது 'அவன் பாஸின்ட ஆள், எங்கட ஆள் இல்லை' என்று கையை விரிக்க முடியாது. ஆனால் விழுந்தவரே வந்து கேட்க வேண்டும், அல்லது அவருடைய குடும்பம். சட்டம் தானாக நடந்து ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வராது. இறப்பர் செருப்போடு சாரத்தில் ஏறுகிற 19 வயசுப் பொடியனுக்கு இப்படி ஒன்று இருப்பதை யார் சொல்வது?

இதை வாசிக்கிற உங்களில் யாராவது சொல்லலாம். அதற்காகத்தான் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். வேலையில் காயம் பட்டால் முதலில் ஆஸ்பத்திரியில் காயம் வந்த விதத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். வீட்டில் விழுந்தேன் என்று சொல்லச் சொல்லி யாராவது கேட்டால் சொல்லக் கூடாது. சிகிச்சைக் கடதாசிகள், சம்பளம் எடுத்ததற்கு ஏதாவது ஆதாரம், பார்த்த ஆட்களின் விபரம் எல்லாவற்றையும் பத்திரமாக வைக்க வேண்டும். முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கேட்பதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே சுணங்கக் கூடாது. கேட்க வேண்டிய இடம் கொழும்பில் இருக்கிற தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகம். அங்கே கதைக்க முதலாளியின் அனுமதி தேவையில்லை.

திரும்பவும் லேனுக்கு

இவ்வளவும் வாசித்துவிட்டு அண்ணாவிடம் இரண்டாம் தடவை போனேன். பிழை பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று விளங்கப்படுத்தினேன். வருஷம் போய்விட்டதால் இப்போது அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அந்த நாப்பதாயிரத்த வாங்கேக்க நான் அவருக்குக் கும்பிட்டேன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அதிலிருந்து வெளியே வர இரண்டு நாள் எடுத்தது. 40,000 குறைவு என்பதைவிட அந்தக் கும்பிடுதான் என்னைக் குடைந்தது. சட்டப்படி அவருக்கு வர வேண்டிய கடனில் ஒரு துண்டை அவர் பிச்சை மாதிரி வாங்கியிருக்கிறார். நாங்கள் முழு லேனும் சேர்ந்து முதலாளியை நல்ல மனுசனாக்கியிருக்கிறோம். அவர் கெட்ட மனுசன் என்று இப்போதும் நான் சொல்லவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பதே இந்தக் கணக்கில் வரக் கூடாது என்பதற்காகத்தான் 1934இல் ஒரு சட்டம் எழுதினார்கள்.

போன கிழமை அண்ணா எங்கட வீட்டுக்கு வந்தார். இப்போது வேறொரு அச்சகத்தில் நிற்கிறார். அங்கே புதிதாக ஒரு பொடியனைக் கட்டிங் மெஷினுக்குப் போட்டிருக்கிறார்களாம், ஹற்றன் பக்கம். "அந்தச் சட்டத்திட பேரையும் நம்பரையும் தமிழ்ல எழுதித் தாங்க, அவன்ட்ட குடுக்கணும்" என்றார். கொப்பித் தாள் ஒன்றில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து, பாதி விரல்களால் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.